பிரஷர் அடங்காதபோது சிறுநீரக நரம்பைச் சுடலாமா?

"அப்பாவுக்கு 61 வயது. நாலு மாத்திரை போடுகிறார், அப்படியும் பி.பி. 165-க்குக் கீழே வருவதில்லை. கிட்னிக்குப் போகும் நரம்பைச் சுட்டுவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். கழுத்தில் கருவி வைப்பதும் உண்டாமே, எதைச் செய்யலாம் டாக்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையே வேண்டாம் என்று யார் சொல்லியிருந்தாலும் அதை முதலில் மறந்துவிடுங்கள். நரம்பைச் சுடும் சிகிச்சை உண்மையானதுதான். ஆனால் அது குறைப்பது கிட்டத்தட்ட ஒரு மாத்திரை குறைக்கும் அளவுதான். நாலு மாத்திரை போடுகிறவர் சிகிச்சைக்குப் பிறகு மூன்று போடலாம், நாலையே தொடர்ந்துகொண்டு பிரஷர் மட்டும் இறங்கலாம், எதுவுமே மாறாமலும் போகலாம். இந்த மூன்றுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் மேசையில் ஏற வேண்டும்.

அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அப்பாவின் பிரஷர் நிஜமாகவே அடங்காத பிரஷர்தானா? மருத்துவத்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகள், தாங்கக்கூடிய முழு அளவில், அவற்றில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. இத்தனையும் போட்டு பிரஷர் இலக்குக்கு மேலேயே நின்றால்தான் அந்தப் பெயர். நாலு மாத்திரை என்கிறீர்கள், எந்த நாலு, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லவில்லை. ஒரே வகையில் இரண்டு, அதுவும் பாதி அளவில் போட்டுக்கொண்டு "நாலு" என்று எண்ணி வருபவர்கள் நிறைய பேர். நீர் மாத்திரையே சீட்டில் இருக்காது, அல்லது குளோர்தாலிடோன், இன்டபமைடு போல நாள் முழுக்க வேலை செய்வதற்குப் பதிலாக, சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும் ஃப்ரூசெமைடு இருக்கும்.

அடுத்தது அளவு எடுக்கும் விதம். பருத்த கை உள்ள ஒருவர் என்னிடம் வந்தார். மூன்று இடங்களில் 170-க்கு மேல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையில் சுற்றும் பட்டையை எடுத்துக் கட்டினோம். ஒட்டும் பகுதி பாதிகூடச் சேரவில்லை, காற்று ஏறும்போதே படபடவென்று பிரிந்தது. பெரிய பட்டையை மாற்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்துக்கு வைத்து எடுத்தபோது 148. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் எண் சுமார் 20 வரை கூட்டிக் காட்டும் என்று 2023-இல் முறையாகவே அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்த 20-ஐ எந்த நரம்பைச் சுட்டும் இறக்க முடியாது, ஏனென்றால் அது உடம்பில் இல்லை.

பிறகு டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஏறும் பிரஷர். ஸ்பெயினில் அடங்காத பிரஷர் என்று முத்திரை குத்தப்பட்ட 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 24 மணி நேரக் கருவியைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல், மருத்துவமனைக்கு வெளியே பிரஷர் கட்டுக்குள்தான் இருந்தது. அதனால் அப்பாவுக்கு 24 மணி நேரப் பதிவு ஒன்று எடுக்காமல் யார் பேச்சையும் கேட்காதீர்கள். பகலும் இரவும் சேர்த்த சராசரி 130/80-க்கு மேல் இருந்தால் பிரஷர் இருக்கிறது என்று பொருள்.

மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்பதைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்த இடங்களிலெல்லாம், அடங்காத பிரஷர் என்று அனுப்பப்பட்டவர்களில் பெரும் பங்கினர் மாத்திரையைச் சரியாகப் போடாதவர்களாக இருந்தார்கள். இதில் குற்றம் சாட்ட ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திரை, அதில் ஒன்று கால் வீங்கவைக்கும், ஒன்று இருமவைக்கும், ஒன்று ராத்திரி நாலு தடவை எழுப்பும். மூன்று மருந்தை ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்ததும் பிரஷர் இறங்கியதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கூடவே, மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள். மூக்கடைப்பு மருந்து, ஸ்டீராய்டு, அதிமதுரம் எல்லாமே பிரஷரை ஏற்றும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். இதில் அதிகம் தவறவிடப்படுவது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மேல் சுரப்பது. ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனும் அதைத் தூண்டும் ரெனினும் எவ்வளவு என்று ஒரே ஒரு பரிசோதனை. அதைக்கூடச் செய்யாமல், நரம்பைச் சுட ரத்தக் குழாய்க்குள் விடும் மெல்லிய குழாயான கத்தீட்டர் வரை வந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு பக்கச் சுரப்பிதான் காரணம் என்று தெரிந்தால் அதை எடுத்துவிடுவது நரம்பைச் சுடுவதைவிடப் பல மடங்கு பலன் தரும். பலமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவராக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

சிறுநீரகத் தமனியில் அடைப்பு என்பது தனிக் கதை. அதற்கு ஸ்டென்ட் வைப்பதையும் நரம்பைச் சுடுவதையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கொழுப்புப் படிந்து வரும் அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பதால் பெரும்பாலானவர்களுக்கு மருந்தைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2014-இல் வெளிவந்த கோரல் ஆய்வு 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்துக் காட்டியது. இளம் பெண்களுக்கு அதிகமாக வரும், தமனிச் சுவரே பாசிமணி கோத்ததுபோல் சுருங்கும் நோய்க்கு மட்டும் பலூன் விரிப்பது நன்றாக வேலை செய்கிறது.

நாலாவது மருந்தாக எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த பாத்வே-2 ஆய்வில், மூன்றுக்கு மேல் சேர்க்க ஸ்பைரனோலாக்டோன்தான் மற்றவற்றைத் தெளிவாக முந்தியது. பொட்டாசியம் ஏறும், ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். அதனால்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். அப்பாவின் நாலில் இது இருக்கிறதா?

இனி நரம்புக்கு வருவோம்.

சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் வெளிச்சுவரைச் சுற்றி, கொடி மரத்தைச் சுற்றியதுபோல, பரிவு நரம்புகள், அதாவது உடம்பைப் பரபரப்பாக்கும் நரம்புகள், படர்ந்திருக்கின்றன. மூளையிலிருந்து வரும் இழைகள் சிறுநீரகத்திடம் உப்பைப் பிடித்து வை, ரெனினைச் சுர, ரத்தக் குழாயைச் சுருக்கு என்கின்றன. சிறுநீரகத்திலிருந்து திரும்பிப் போகும் இழைகள் மூளையை முடுக்கிவிட்டு, உடம்பு முழுவதும் அந்தப் பரபரப்பைப் பரப்புகின்றன. இரண்டையும் சேர்த்து அறுத்தால் பிரஷர் இறங்கும் என்பது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு கிடையாது. நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன், 1930-களிலிருந்து 1950-கள் வரை, முதுகுப் பக்கம் கிழித்துப் பரிவு நரம்புச் சங்கிலியையே வெட்டி எடுத்தார்கள். ஸ்மித்விக் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1953-இல் இப்படி 1,266 பேருக்குச் செய்ததன் விவரத்தை வெளியிட்டார். பிரஷர் இறங்கியது, ஆயுளும் கூடியது. ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவார்கள், வியர்க்காது, ஆண்மை போய்விடும். மாத்திரைகள் வந்ததும் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

2009-இல் அதே எண்ணம் கத்தீட்டர் வழியாகத் திரும்பி வந்தது. தொடை இடுக்கில் ஊசி குத்தி, தமனிக்குள்ளிருந்தே வெளிச்சுவர் நரம்புகளை ரேடியோ அலைச் சூட்டால் கருக்குவது. 2010-இல் வந்த சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-2 ஆய்வில் 106 பேர். ஆறு மாதத்தில் மேல் எண் 32 இறங்கியது. முப்பத்திரண்டு! அந்த நாட்களில் கருத்தரங்குகளில் இருந்த உற்சாகத்தை நான் மறக்கவில்லை. பிரஷர் மாத்திரைகளுக்கே முடிவு வந்துவிட்டது என்று மேடையிலேயே பேசினார்கள். உங்களிடம் யாரோ சொன்ன "மாத்திரையே வேண்டாம்" அந்தக் காலத்து மிச்சம்தான்.

ஆனால் அதில் ஒரு ஓட்டை. சிகிச்சை யாருக்கு நடந்தது என்று நோயாளிக்கும் தெரியும், அளவெடுப்பவருக்கும் தெரியும். அதனால் அடுத்து வந்த எச்டிஎன்-3-இல் ஒரு பொய்ச் சிகிச்சைக் கூத்து நடத்தினார்கள். 535 பேர். எல்லோரையும் கத்தீட்டர் சிகிச்சை செய்யும் கேத் லேபுக்குக் கொண்டுபோய், மயக்க மருந்து கொடுத்து, சாயம் செலுத்திச் சிறுநீரகத் தமனியைப் படம் எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு அதோடு சரி, சுடவே இல்லை. யாருக்குச் சுட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சுட்டவர்களுக்கு 14 புள்ளி இறங்கியிருந்தது, சும்மா படம் மட்டும் எடுத்தவர்களுக்கு 12. வித்தியாசம் 2.39, கணக்குப்படி அது தற்செயலாகவும் இருக்கலாம். 2014-இல் இந்த முடிவு வந்ததும் அந்தத் துறையே ஒரே வாரத்தில் வெறிச்சோடிப்போனது.

இந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், சுடாதவர்களுக்கு இறங்கிய அந்த 12 புள்ளிதான். ஆய்வில் சேர்ந்ததும் மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தார்கள், உப்பைக் குறைத்தார்கள், பயம் தெளிந்தது. எதேச்சையாக உச்சத்தில் இருந்தபோது சேர்த்த எண் தானாகவே கீழே வந்தது. எனவே ஒப்பிட ஆளில்லாமல் "எங்களிடம் செய்துகொண்டவர்களுக்கு 25, 30 இறங்குகிறது" என்று யாராவது சொன்னால், அதில் பாதியை இந்தக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

பிறகு கிண்டிப் பார்த்தபோது சுட்ட விதத்திலும் குறை தெரிந்தது. 364 பேருக்குச் சுட்டவர்கள் மொத்தம் 111 மருத்துவர்கள். பலருக்கு அது வாழ்க்கையில் முதல் தடவை. தமனியின் நாலு பக்கமும் சூடு பட்டால்தான் சுற்றிலும் உள்ள நரம்பு கருகும். இரண்டு தமனியிலும் அப்படி நாலு பக்கமும் பட்டவர்கள் 19 பேர்தான். அடைப்பை நீக்கும்போது ரத்தம் பாய்வது திரையில் உடனே தெரியும். இங்கே நரம்பு கருகியதா இல்லையா என்று மேசையில் காட்டும் கருவி இன்னும் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. படத்தில் தமனி முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும். செய்பவரின் கைப்பழக்கத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு வந்தது இரண்டாம் தலைமுறை. ஒன்று ஸ்பைரல்: முனையில் சுருளாக வளையும் கத்தீட்டர், அதில் நாலு மின்முனைகள், ஒரு தடவைக்கு 60 விநாடி, முக்கியத் தமனியோடு நிற்காமல் கிளைகளிலும் போய்ச் சுடுவது. இன்னொன்று பாரடைஸ்: ஒரு பலூன், அதற்குள் ஓடும் குளிர்ந்த நீர், நடுவிலிருந்து சுற்றிலும் பரவும் அல்ட்ராசவுண்ட், ஒவ்வொரு தடவையும் 7 விநாடி. தமனியின் உட்சுவரைத் தண்ணீர் குளிரவைக்க, சூடு அதைத் தாண்டி சில மில்லிமீட்டர் வெளியே போய் விழும். சுடும் நேரத்தில் முதுகிலும் விலாவிலும் ஆழமான வலி வரும், ஏனென்றால் வலியைச் சொல்லும் இழைகளும் அங்கேதான் ஓடுகின்றன. மயக்கமும் வலி மருந்தும் இல்லாமல் செய்ய மாட்டார்கள்.

இவற்றுக்கும் அதே பொய்ச் சிகிச்சைச் சோதனை. இந்த முறையும் கண்ணைக் கட்டி, காதில் பாட்டுப் போட்டு. 2023-இல் வெளிவந்த ரேடியன்ஸ்-2 ஆய்வில் 224 பேர். அல்ட்ராசவுண்ட் கொடுத்தவர்களுக்குப் பகல் நேரச் சராசரி, பொய்ச் சிகிச்சையைவிட 6.3 புள்ளி அதிகம் இறங்கியது. உங்கள் அப்பாவைப் போல மூன்று மருந்தில் இருந்தும் அடங்காதவர்களை வைத்து நடந்த ரேடியன்ஸ் ட்ரையோவில் வித்தியாசம் 4.5. மாத்திரை இல்லாதவர்களிடம் நடந்த ஸ்பைரல் ஆய்வில் 24 மணி நேரச் சராசரியில் 4 புள்ளி. மாத்திரையோடு நடந்த ஸ்பைரல் ஆய்வு அதன் முதல் இலக்கை எட்டவே இல்லை; ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த ரிக்வயர் என்ற அல்ட்ராசவுண்ட் ஆய்விலும் வித்தியாசம் தெரியவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 நவம்பரில் இரண்டு கருவிகளையும் அனுமதித்தது.

நாலு, ஐந்து, ஆறு புள்ளி. இதற்கா இவ்வளவு என்று தோன்றும். எனக்கு இந்தச் சிறிய எண்கள்மீதுதான் நம்பிக்கை, அந்த 32-இன் மீது இல்லை. மருந்துகளை வைத்து நடந்த 48 ஆய்வுகள், சுமார் 3.44 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்து 2021-இல் பார்த்ததில், மேல் எண் 5 குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தன. நரம்பைச் சுடுவதும் அதே பலனைத் தரும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு, ஆனால் சுட்டவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது என்று நேரடியாகக் காட்டிய ஆய்வு இன்னும் வரவில்லை. கூடுதலாக ஒரு வசதி: மாத்திரை மறந்துபோகலாம், விடியற்காலையில் வீரியம் குறையலாம், கருகிய நரம்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மூன்று ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தவர்களிடம் பலன் நீடித்திருக்கிறது. ஆடுகளில் நரம்பு திரும்ப வளர்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாருக்குப் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை. இதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய பலவீனம். ஒரு கணிசமான பகுதியினருக்கு ஒன்றுமே இறங்குவதில்லை. இறங்குகிறவர்களுக்கும் மறுநாளே இறங்காது. வாரங்கள், சில மாதங்கள் ஆகும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழாமல், பக்கவாதம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஆபத்து பெரிதாக இல்லை. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டுவது, தமனி புடைப்பது, சாயத்தால் சிறுநீரகம் தளர்வது, அரிதாகச் சுட்ட இடம் பின்னாளில் சுருங்கி ஸ்டென்ட் வைக்க நேர்வது. சிறுநீரக வடிகட்டும் அளவு 40-க்குக் கீழே இருந்தால், தமனி மெலிந்திருந்தால், அதில் குறிப்பிடத்தக்க அடைப்பு இருந்தால் பொதுவாகச் செய்வதில்லை. முதலில் ஸ்கேன் எடுத்துத் தமனிகளைப் பார்ப்பார்கள். 2024 ஐரோப்பிய வழிகாட்டியும் 2025 அமெரிக்க வழிகாட்டியும் இதை "பரிசீலிக்கலாம்" என்ற அளவில்தான் வைத்திருக்கின்றன. அனுபவமுள்ள இடத்தில், நோயாளியோடு பேசி முடிவெடுத்து.

கழுத்தில் வைக்கும் கருவி பற்றிக் கேட்டீர்கள். கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அழுத்தத்தை உணரும் நரம்புமுனைகள் இருக்கின்றன. அவற்றை மின்சாரத்தால் தூண்டி, பிரஷர் ஏறிவிட்டது என்று மூளையை நம்பவைத்து இறங்கச் செய்யும் தந்திரம். ரியோஸ் என்ற கருவி, 265 பேர், 2011. பிரஷர் இறங்கியவர்கள் இருந்தார்கள், ஆனால் ஆய்வு வைத்த இலக்குகளில் முக்கியமான சில தவறின. அறுவையில் நரம்பு பாதிப்புகளும் வந்தன. அதன் வாரிசான சிறிய கருவிக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இதயம் பலவீனமானவர்களுக்காக. பிரஷருக்காக இன்று அப்பாவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இடுப்புப் பகுதியில் தமனியையும் சிரையையும் 4 மில்லிமீட்டர் துளையால் இணைக்கும் ஒரு கருவியும் வந்தது. 2015-இல் வெளிவந்த 83 பேர் ஆய்வில் பிரஷர் அன்றே சரிந்தது. ஆனால் கருவி வைத்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அந்தப் பக்கத்துச் சிரை சுருங்கியது, இதயத்துக்கும் சுமை கூடியது. இன்று அது இல்லை. மேசையில் உடனே இறங்கும் எண்ணைக் கண்டு மயங்கக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கருவிதான்.

எனக்கு ஆர்வமாக இருப்பது பேஸ்மேக்கர் வழி. மேலறை சுருங்குவதற்கும் கீழறை சுருங்குவதற்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, இதயம் நிரம்புவதைக் கொஞ்சம் குறைப்பது. உடம்பு அதற்குப் பழகிவிடாமல் இருக்க இடையிடையே ஓரிரு துடிப்புகளைப் பழையபடி விடுவது. 47 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் 24 மணி நேரச் சராசரி 8 புள்ளி வித்தியாசம் காட்டியது. எப்படியும் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் பொருந்துவது, பெரிய ஆய்வின் முடிவு வர வேண்டும்.

மாத்திரைப் பக்கமும் சும்மா இல்லை. அப்ரோசிடென்டான் என்ற புதிய பிரஷர் மருந்து 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆல்டோஸ்டிரோன் உற்பத்தியையே தடுக்கும் பாக்ஸ்ட்ரோஸ்டாட், 2025-இல் வெளிவந்த ஆய்வில் வெற்று மாத்திரையைவிட ஏறத்தாழ 9 புள்ளி கூடுதலாக இறக்கியது. அதாவது சுடுவதைவிடக் குறையாமல், சிலருக்கு அதற்கு மேலும்.

அப்பா விஷயத்தில் நான் என்ன செய்வேன்? மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள், வலி மாத்திரையும் சேர்த்து. 24 மணி நேரப் பதிவு, ஆல்டோஸ்டிரோன்-ரெனின், பொட்டாசியம், கிரியேட்டினின். குளோர்தாலிடோனும் ஸ்பைரனோலாக்டோனும் சரியான அளவில் உள்ளே போயும் சராசரி 140-ஐ விட்டு இறங்கவில்லை, அல்லது அவற்றை அப்பாவால் தாங்கவே முடியவில்லை என்றால், நரம்பைச் சுடுவது பேச வேண்டிய விஷயம்தான். அப்போது செய்பவரிடம் இரண்டு கேள்வி: இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்து 24 மணி நேரப் பதிவை மறுபடி எடுப்பீர்களா? இரண்டாவதற்கு இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். முதல் பதிவும் ரத்த முடிவும் கைக்கு வந்ததும் எண்களை எழுதுங்கள், அந்த நாலு மாத்திரையின் பெயரோடு.